இந்தப் புரதம் உள்ளேயா, வெளியேயா, நடுவுலயா?

(இது எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இன்னைக்கு டாபிக் கொஞ்சம் பயாலஜி. ஸ்கிப் பண்ணிடாதீங்க. நானும் ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் பயாலஜி பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காத ஆள்தான். படிச்சது இன்ஜினியரிங், பார்க்குறது சாஃப்ட்வேர் வேலை. ஆனா இந்த விஷயம் அடிப்படையில ஒரு ஸ்ட்ரிங் ப்ராப்ளம். இருபது எழுத்து உள்ள ஒரு மொழி, அதுல எழுதின ஒரு நீளமான வரி. அந்த வரியை மட்டும் பார்த்து, இந்தப் புரதம் செல்லுக்கு உள்ளே இருக்குமா, வெளியே போயிடுமா, இல்ல செல்லைச் சுத்தியிருக்கிற சவ்வுல, அதாவது மெம்ப்ரேன்ல, நிக்குமா? நின்னா எப்படி நிக்கும்? இதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா என்ன கிடைக்கும்னு முதல்ல பார்த்துடுவோம்.

ஒரு தடுப்பூசியோட கதை

மெனிங்கோகாக்கஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு. மூளையைச் சுத்தி இருக்குற உறையைத் தாக்கும். காலையில காய்ச்சல்னு படுத்த குழந்தை, அடுத்த நாளுக்குள்ள உயிருக்குப் போராடுற நிலைக்குப் போயிடலாம். அவ்வளவு வேகம். இதுல ஏ, பி, சின்னு பல ரகம். மத்த முக்கியமான ரகங்களுக்கு, அந்த பாக்டீரியாவோட வெளிப்புறத்துல இருக்குற சர்க்கரை உறையை வெச்சே தடுப்பூசி செஞ்சுட்டாங்க. பி ரகத்துக்கு மட்டும் அது நடக்கல. ஏன்னா அதோட சர்க்கரை உறை, நம்ம நரம்பு செல்கள் மேல இருக்குற சர்க்கரை மாதிரியே இருக்கு. நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துட்டு 'இது நம்ம ஆள்தானே'ன்னு விட்டுடும்.

சர்க்கரை உதவாதுன்னா புரதத்தைப் பிடிக்கணும். எந்தப் புரதத்தை? இத்தாலியில சியெனா நகரத்துல ரீனோ ராப்புவோலியோட குழு ஒரு புது ரூட் எடுத்தாங்க. அந்த பாக்டீரியாவோட முழு ஜீனோமும் படிக்கப்பட்டது. 2000-க்கும் மேல ஜீன்கள். அது எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஓட்டி ஒரே கேள்வி கேட்டாங்க: இதுல எதெல்லாம் பாக்டீரியாவோட வெளிப்பக்கம் தெரியுற மாதிரி இருக்கும்? ஆன்டிபாடி வெளியில இருந்துதானே வரும், வெளியில தெரியறதைத்தானே பிடிக்க முடியும்.

கம்ப்யூட்டர் சுமார் 570 புரதங்களைக் கை காட்டுச்சு. அதுல 350-ஐ ஈ. கோலை பாக்டீரியாவுக்குள்ள உற்பத்தி பண்ணி, சுண்டெலிகளுக்குப் போட்டுப் பார்த்தாங்க. 2000-ஆம் வருஷம் 'சயன்ஸ்' இதழ்ல இது வெளியாச்சு. அந்த வழியில வந்த பெக்ஸ்செரோ தடுப்பூசிக்கு 2013-ல ஐரோப்பா அனுமதி கொடுத்துச்சு. 2015-ல பிரிட்டன் தன்னோட குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசி அட்டவணையிலயே இதைச் சேர்த்துச்சு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த 2000 சொச்சத்துல, வெளியில இருக்குற ஒரு நல்ல புரதத்தை கம்ப்யூட்டர் 'இது உள்ளே இருக்கு'ன்னு தப்பா பிரிச்சிருந்தா? யாரும் அதை லேபுக்கு எடுத்துட்டே போயிருக்க மாட்டாங்க. இந்த வகை பிரிக்கிற வேலையில ஒரு தப்பு நடந்தா எர்ரர் மெசேஜ் வராது. கிராஷ் ஆகாது. அந்தப் புரதம் சத்தமே இல்லாம லிஸ்ட்ல இருந்து போயிடும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் ரூல்: எண்ணெய்க்கு எண்ணெய்

செல் மெம்ப்ரேன்னா என்ன? ரெண்டு அடுக்கு கொழுப்பு மூலக்கூறுகள். ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவுல எண்ணெய்ப் பசை. அந்த எண்ணெய்ப் பகுதியோட தடிமன் சுமார் 3 நானோமீட்டர்.

புரதம்ங்கிறது அமினோ அமிலங்களோட சங்கிலி. மொத்தம் 20 வகை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. சிலதுக்குத் தண்ணி பிடிக்கும், சிலதுக்கு எண்ணெய் பிடிக்கும். இந்தச் சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருண்டா அதுக்குப் பேர் ஆல்ஃபா ஹீலிக்ஸ். அதுல ஒவ்வொரு அமினோ அமிலமும் 0.15 நானோமீட்டர் உயரம் ஏறும். 3-ஐ 0.15-ஆல வகுத்தா 20. அப்போ மெம்ப்ரேனை ஒரு தடவை கடக்கணும்னா சுமார் 20 எழுத்து வேணும், அதுல பெரும்பாலானது எண்ணெய் பிடிக்கிற எழுத்தா இருக்கணும்.

1982-ல ஜாக் கைட், ரஸ்ஸல் டூலிட்டில்னு ரெண்டு பேர் இதை ஒரு புரோகிராம் ஆக்கினாங்க. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு மார்க். எண்ணெய் பிரியர் ஐசோலியூசினுக்கு +4.5. தண்ணி பிரியர் ஆர்ஜினினுக்கு −4.5. மத்ததெல்லாம் நடுவுல. அப்புறம் 19 எழுத்து அகலத்துல ஒரு ஜன்னலை அந்த வரி மேல நகர்த்திக்கிட்டே போய் சராசரி எடு. சராசரி 1.6-ஐத் தாண்டுச்சுன்னா, அங்க மெம்ப்ரேனைக் கடக்குற துண்டு இருக்க வாய்ப்பு அதிகம். அவ்வளவுதான். காலேஜ்ல படிச்ச ஸ்லைடிங் விண்டோ. பைத்தான்ல பத்து வரி.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். நம்ம சிவப்பு ரத்த அணு மேல கிளைக்கோஃபோரின் ஏ-ன்னு ஒரு புரதம் இருக்கு. மலேரியா கிருமி ரத்த அணுவுக்குள்ள நுழைய இதையும் ஒரு பிடிமானமா பயன்படுத்துது. 131 எழுத்து. நடுவுல ஒரு இடத்துல இப்படி வரும்: ஐ, டி, எல், ஐ, ஐ, எஃப், ஜி, வி, எம், ஏ, ஜி, வி, ஐ, ஜி, டி, ஐ, எல், எல், ஐ. எண்ணிப் பாருங்க, சரியா 19. கைட், டூலிட்டில் மார்க்கைக் கூட்டினா 50.7. 19-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 2.7. கட்-ஆஃப் 1.6 தானே? பாஸ். நிஜமாவே அந்த இடத்துலதான் அது மெம்ப்ரேனைக் கடக்குது.

ரெண்டாவது ரூல்: எந்தப் பக்கம் எது

கடக்குதுன்னு தெரிஞ்சுடுச்சு. எந்த முனை உள்ள, எந்த முனை வெளிய? 1986-ல ஸ்வீடன் விஞ்ஞானி குன்னார் வான் ஹெய்னே பாக்டீரியா புரதங்கள்ல ஒரு பேட்டர்ன் பார்த்தார். பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஆர்ஜினினும் லைசினும் மெம்ப்ரேனோட உள்பக்கத்துலதான் கூட்டமா இருக்கு. 'பாசிட்டிவ்-இன்சைட் ரூல்'னு இதுக்குப் பேரே வந்துடுச்சு.

நம்ம கிளைக்கோஃபோரினுக்குத் திரும்பப் போவோம். அந்த 19 எழுத்து முடிஞ்சு கொஞ்சம் தள்ளி வர்ற எழுத்துகள்: ஆர், ஆர், எல், ஐ, கே, கே. ஆர் ரெண்டு, கே ரெண்டு. நாலும் பாசிட்டிவ். அப்போ அந்தப் பக்கம் உள்ளே, ஆரம்ப முனை வெளியே. மைக்ரோஸ்கோப் தொடாம, வெறும் எழுத்தைப் பார்த்தே இதைச் சொல்லிட்டோம் பாருங்க. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இந்த ரெண்டு ரூலையும் ஒண்ணா வெச்சு ஒரு ஸ்டேட் மெஷின் கட்டினா? 'உள்ளே', 'ஹீலிக்ஸ்', 'வெளியே'ன்னு ஸ்டேட்டுகள். ஹீலிக்ஸ்னா 15-ல இருந்து 35 எழுத்துக்குள்ள இருக்கணும். உள்ளே இருந்து ஹீலிக்ஸுக்குப் போனா அடுத்து வெளியதான் வரணும், திரும்ப உள்ளேயே வர முடியாது. இதைத்தான் ஆண்டர்ஸ் குரோக்கும் அவரோட கூட்டாளிகளும் ஹிட்டன் மார்க்கோவ் மாடலா செஞ்சாங்க. டிஎம்ஹெச்எம்எம்-னு பேர். 2001-ல அதைப் பல உயிரினங்களோட ஜீனோம் மேல ஓட்டிப் பார்த்தப்போ, பெரும்பாலான உயிரினங்கள்ல 20-ல இருந்து 30% ஜீன்கள் மெம்ப்ரேன் புரதத்துக்கானதுன்னு தெரிஞ்சுது. நாலுல ஒண்ணு! இன்னொரு பக்கம், அமெரிக்காவுல அனுமதி வாங்கின மருந்துகள்ல சுமார் மூணுல ஒரு பங்கு, மெம்ப்ரேனை ஏழு தடவை கடக்குற ஜிபிசிஆர்-ங்கிற ஒரே குடும்பத்தைத்தான் குறி வைக்குது.

அஞ்சு வகை

சரி, மெம்ப்ரேன்ல இருக்குன்னு சொன்னா போதுமா? போதாது. அதுல பல வகை. கொரோனா புண்ணியத்துல சில பேர் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

டைப் 1: ஒரே தடவை கடக்கும், ஆரம்ப முனை வெளியே. கொரோனா வைரஸோட ஸ்பைக் இந்த வகை. அது வந்து ஒட்டுற நம்ம ஏஸ்2-வும் இதே வகைதான்.

டைப் 2: ஒரே தடவைதான், ஆனா தலைகீழ். ஆரம்ப முனை உள்ளே. ஸ்பைக்கை வெட்டி வைரஸுக்குக் கதவு திறந்து விடுற டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இந்த வகை.

மூணாவது, மல்டிபாஸ்: தையல் போட்ட மாதிரி உள்ளே வெளியேன்னு பல தடவை கடக்கும்.

நாலாவது, கொழுப்பு நங்கூரம்: புரதம் கடக்கவே கடக்காது. ஒரு கொழுப்பு வாலை ஒட்டிக்கிட்டு மெம்ப்ரேன்ல தொங்கும். புற்றுநோய்ல அடிக்கடி அடிபடுற ராஸ் இப்படித்தான். அதோட வரியில கடைசியில இருந்து நாலாவது எழுத்து சி, அதுக்கப்புறம் குறிப்பிட்ட வகை எழுத்துகள். கிட்டத்தட்ட ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன்.

அஞ்சாவது, ஜிபிஐ நங்கூரம்: இதுவும் தொங்குறதுதான், ஆனா வெளிப்பக்கத்துல.

இந்த அஞ்சாவதுலதான் ஒரு பொறி இருக்கு. சிடி59-னு ஒரு புரதம். நம்ம ரத்த அணுக்களை நம்ம நோய் எதிர்ப்பு மண்டலமே உடைச்சுடாம காப்பாத்துற காவல்காரன். ஜீன்ல எழுதியிருக்கிறது 128 எழுத்து. முதல் 25 எழுத்து 'என்னை வெளியே அனுப்பு'ன்னு சொல்ற அட்ரஸ் லேபிள், சிக்னல் பெப்டைடுன்னு சொல்வாங்க. வேலை முடிஞ்சதும் வெட்டிடுவாங்க. கடைசி 26 எழுத்தையும் வெட்டிட்டு, அந்த இடத்துல ஜிபிஐ நங்கூரத்தை ஒட்டுவாங்க. மிச்சம் 77. வெட்டி எறிஞ்ச ரெண்டு துண்டுலயும் எண்ணெய் பிடிக்கிற எழுத்துகள் வரிசையா இருக்கு. எண்ணெய்த் துண்டை மட்டும் தேடுற புரோகிராமுக்கு இது மெம்ப்ரேனைக் கடக்குற புரதம் மாதிரி தெரியலாம். நிஜத்துல ஒரு தடவைகூடக் கடக்கல.

இந்த நங்கூரம் இல்லாம போனா என்ன ஆகும்? பிஎன்ஹெச்னு ஒரு அரிய ரத்த நோய். ரத்தத்தை உருவாக்குற ஸ்டெம் செல்லுல ஒரு ஜீன் கெட்டுப்போய், ஜிபிஐ நங்கூரம் செய்ய முடியாமப் போயிடுது. காவல்காரன் சிடி59 ரத்த அணு மேல நிக்க முடியாது. உடம்பே தன்னோட சிவப்பு அணுக்களை உடைக்க ஆரம்பிச்சுடும். அப்போ அது கடக்குற வகையா, தொங்குற வகையான்னு தெரிஞ்சுக்கிறது சும்மா லேபிள் ஒட்டுற வேலை கிடையாது.

64% எடுக்குற சோம்பேறி

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். மெஷின் லேர்னிங்.

1999-ல குவோ-சென் சௌவும் இன்னொருத்தரும் இந்த அஞ்சு வகைக்கு ஒரு டேட்டாசெட் வெளியிட்டாங்க. 2059 புரதம். டைப் 1: 435. டைப் 2: 152. மல்டிபாஸ்: 1311. கொழுப்பு நங்கூரம்: 51. ஜிபிஐ: 110. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா பல பேர் இதே டேட்டாசெட்ல புதுப்புது மாடல் போட்டு, ஒரு பாயிண்ட் ரெண்டு பாயிண்ட்னு அக்யூரசியை ஏத்திக்கிட்டே போனாங்க.

நான் ஒரு மாடல் சொல்றேன், கேளுங்க. ட்ரெயினிங் வேண்டாம், ஜிபியு வேண்டாம். எந்தப் புரதம் வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு 'மல்டிபாஸ்'னு சொல்லு. 2059-ல 1311. கிட்டத்தட்ட 64% அக்யூரசி! ஒண்ணுமே கத்துக்காம ஃபர்ஸ்ட் கிளாஸ்.

இன்னும் மோசமான கணக்கு ஒண்ணு இருக்கு. மூணு பெரிய வகையையும் ஒண்ணு விடாம சரியாச் சொல்லி, கொழுப்பு நங்கூரம், ஜிபிஐ ரெண்டையும் ஒண்ணு விடாம தப்பாச் சொல்ற ஒரு மாடலை நினைச்சுக்கோங்க. தப்பு மொத்தம் 161. அக்யூரசி 92%-க்கு மேல. ஸ்லைடுல போட்டா கைதட்டு வாங்கும். ஆனா அந்த மாடலோட உலகத்துல சிடி59 கிடையாது, ராஸ் கிடையாது.

ஆரம்பத்துல சொன்னேனே, சத்தமே இல்லாம லிஸ்ட்ல இருந்து போறதுன்னு. அது இதுதான். பெக்ஸ்செரோ தடுப்பூசியில இருக்குற முக்கியமான புரதங்கள்ல ஒண்ணு, எஃப்ஹெச்பிபி-ன்னு பேர், அதுவே கொழுப்பு வால்ல தொங்குறதுதான். சின்ன வகுப்பைக் கண்டுக்காத ஒரு கருவி இந்த மாதிரி புரதத்தைத்தான் முதல்ல தவற விடும்.

அதனால, யாராவது 95%-னு சொன்னா முதல் கேள்வி: சோம்பேறி மாடல் எவ்வளவு எடுக்கும்? ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியா எவ்வளவு?

ரெண்டாவது கேள்வி இன்னும் முக்கியம்: டெஸ்ட் டேட்டா எங்க இருந்து வந்துச்சு? புரதங்களுக்குச் சொந்தக்காரங்க நிறைய. மனுஷனோட ரொடாப்சினும் எலியோட ரொடாப்சினும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து வரிசை. ஒண்ணு ட்ரெயினிங்ல, இன்னொண்ணு டெஸ்ட்ல இருந்தா மாடல் எதுவும் கத்துக்க வேண்டியதில்ல. மாடல் கொஸ்டின் பேப்பர் அப்படியே பரீட்சையில வந்த கதைதான். ரேண்டமா 80-20 பிரிக்கிற நம்ம பழக்கம் இங்க செல்லாது. முதல்ல சிடி-ஹிட், எம்எம்சீக்ஸ்2 மாதிரி டூல் வெச்சு சொந்தக்காரங்களை எல்லாம் ஒரே குழுவாக் கட்டணும். அப்புறம் குழு குழுவாப் பிரிக்கணும். ஒரு குடும்பம் மொத்தமும் ட்ரெயினிங்ல, இல்ல மொத்தமும் டெஸ்ட்ல.

எண்ணெய் ரூலுக்குச் சிக்காதவங்க

இன்னொரு கூட்டம் இருக்கு. மெனிங்கோகாக்கஸ் மாதிரி பாக்டீரியாக்களுக்கு ரெண்டு மெம்ப்ரேன். வெளி மெம்ப்ரேன்ல இருக்குற பல புரதங்கள் ஹீலிக்ஸே கிடையாது. பட்டை பட்டையா வளைஞ்சு ஒரு பீப்பாய் மாதிரி நிக்கும். பீட்டா பேரல்னு பேர். பட்டைங்கிறது நீட்டின சங்கிலி, அதனால சுமார் 10 எழுத்துலயே மெம்ப்ரேனைக் கடந்துடும். ஒரு எழுத்து எண்ணெய்ப் பக்கம் பார்க்கும், அடுத்தது பீப்பாய்க்கு உள்பக்கம் பார்க்கும். ஒண்ணு விட்டு ஒண்ணு. 19 எழுத்து ஜன்னல்ல சராசரி எடுத்தா எல்லாம் சமமாகி, கிராஃப்ல ஒண்ணுமே தெரியாது. வெளியில நிக்கிற ஆளே கேமராவுல விழல.

இதுல வேலை செஞ்சவங்கள்ல ஒருத்தர், இப்போ சென்னை ஐஐடியில பேராசிரியரா இருக்குற மைக்கேல் குரோமிகா. 2005-ல ஜப்பான்ல இருந்தப்போ, எந்தெந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்குங்கிற விகிதத்தை வெச்சே இந்த வெளி மெம்ப்ரேன் புரதங்களை மத்ததுல இருந்து பிரிச்சுக் காட்டின வேலை அவரோடது. பீட்டா பேரல் பத்திப் படிக்க ஆரம்பிச்சா அவர் பேர் வராம இருக்காது.

இன்னைக்கு நிலவரம் என்ன? 2022-ல டீப்டிஎம்ஹெச்எம்எம்னு ஒண்ணு வந்துச்சு. புரத வரிகளைக் கோடிக்கணக்குல படிச்ச ஒரு லாங்குவேஜ் மாடலை அடியில வெச்சு, மேல அந்த பழைய ஸ்டேட் மெஷின் ஐடியா. ஹீலிக்ஸ், பீட்டா பேரல், சிக்னல் பெப்டைடு எல்லாத்தையும் ஒரே கருவி பார்த்துச் சொல்லும். கவனிச்சீங்களா? 'உள்ளே இருந்து கடந்தா வெளியேதான்'ங்கிற அந்த இலக்கணத்தை அவங்க தூக்கிப் போடல. மாடல் எவ்வளவு பெரிசானாலும் மெம்ப்ரேனோட தடிமன் அதேதான், எண்ணெய் எண்ணெய்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இந்த மாதிரி டாபிக் எடுக்குறவங்க நிறைய பேர் கேக்குறீங்கன்னு தெரியும். டேட்டா ஓப்பனா கிடைக்குது, லேப் வேண்டாம், லேப்டாப் போதும். தாராளமா எடுங்க. ஆனா மூணு விஷயம் பண்ணுங்க. முதல் நாளே சோம்பேறி மாடலோட ஸ்கோரை எழுதி வெச்சுக்கோங்க. சொந்தக்காரங்களைக் குழுவாக் கட்டினதுக்கு அப்புறம் பிரிங்க. ரிப்போர்ட்ல ஒரே ஒரு அக்யூரசி நம்பர் போடாம, வகுப்பு வாரியா ஒரு டேபிள் போடுங்க. இதைப் பண்ணா உங்க நம்பர் குறையும். 95 வந்த இடத்துல 70-தான் வரலாம். கைடு மூஞ்சி கொஞ்சம் சுருங்கலாம். பரவாயில்ல. அந்த 70-ஐ நம்பி ஒருத்தர் லேப்ல இறங்கலாம், அந்த 95-ஐ நம்பி இறங்க முடியாது.

கிளைக்கோஃபோரின் ஏ, சிடி59 ரெண்டோட முழு வரியும் யூனிப்ராட் தளத்துல இலவசமா இருக்கு. அந்தப் பத்து வரி கோடை எழுதி ஓட்டிப் பாருங்க. கிராஃப்ல மேடு எங்க வருதுன்னு பார்த்துட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். டாட்டா!